நாலு பத்துக்கு வரும் ஆள்

தங்கமீன் மழலையர் பள்ளியில் ஜுமாதிலுக்கு அரைநாள் வேலை என்றுதான் நியமன ஆணையில் எழுதியிருந்தது. கொதிகலன், குழாய், விளக்கு, கதவுப்பூட்டு, அச்சு இயந்திரம், இணையம் என்று எல்லாம் அவர் தலையில் விழுந்து ஒன்றரை நாளாகி வருஷம் நாலு ஆகிவிட்டது. அதற்கு முன்னால் கிஸில்பெல் தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். நிலையத்தை மூடியபோது கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். இப்போது ஐம்பத்தொரு வயது. முழங்கால் வலி. படியேறும்போதெல்லாம் வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே ஏறுவார். யாரை என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சின்னப் பிள்ளைகள் வகுப்பில் வெப்பக்குழாய் ஒழுகியதை முறுக்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை ரகிமாவின் குரல் தாழ்வாரத்தில் கேட்டது.

"ஜுமாதில்! கையக் கழுவிட்டு உடனே வா. கழுவலன்னாலும் பரவால்ல, வா!"

அலுவலக அறையில் ஷாயிர்குல் நின்றிருந்தாள். பெரிய பிள்ளைகள் வகுப்பில் படிக்கும் அக்தானின் அத்தை. ரொட்டிச்சாலையில் வேலை. மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை; முழங்கைவரை மாவு. கைப்பேசியை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"பாருங்க பைகே. நல்லாப் பாருங்க." அந்தப் பக்கத்தில் மூத்த ஆண் யாரானாலும் பைகே, மூத்த பெண் யாரானாலும் எஜே.

திரையில் மொட்டைத்தலையோடு ஒரு பையன். பெரிய கண்கள். கேமராவை நேராகப் பார்க்கிறான். கீழே எழுதியிருந்தது: ஐந்து வயது இல்யாஸ், இரத்தப் புற்றுநோய், இன்னும் இரண்டு வாரம்தான் அவகாசம், உதவுங்கள். அதற்கும் கீழே ஒரு வங்கி அட்டையின் எண்.

"நம்ம அக்தான் மாதிரி இருக்கான்" என்றார் ஜுமாதில்.

"மாதிரியா? அக்தானேதான்! ஜூன் மாசம் தலை பூரா பேன்னு நான்தான் மொட்டை அடிச்சேன். என் கையால அடிச்ச மொட்டை அது! எங்க சித்தப்பா மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வைத்தியச் செலவுக்கு ஆகும்னு ஒரு ஆட்டை ஓட்டிக்கிட்டு அழுதுகிட்டே வந்து இறங்கிட்டாரு. கதவத் திறந்தது யாரு? இவன்தான், வாய் நிறைய ஜாமும் ரொட்டியும். கிழவன் அப்படியே வாசல்ல உக்காந்துட்டாரு. நான் தண்ணி தெளிச்சு எழுப்பினேன். ரெண்டு நாளா வீட்டுக்கு ஆள் வந்துகிட்டே இருக்கு. நான் டீ போட்டுக்கிட்டே இருக்கேன்."

"இது எங்க இருந்து..."

"எங்க இருந்தா? பின்னால சுவத்துல என்ன இருக்கு?"

பையனின் தோளுக்குப் பின்னால், சுவரில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீனின் வால். போன வருஷம் ஜுமாதிலே ஏணியில் நின்று தீட்டிய வால்.

ரகிமா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நம்ம கேலரிதானே ஜுமாதில்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் படக்கூடம் வந்த கதை இப்படி. இரண்டு வருஷத்துக்கு முன் மாவட்டத்திலிருந்து ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோர் இணையத்தில் பார்க்க வசதி உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஊர்பேர் தெரியாத கம்பெனிக்காரன் இடத்தில் நம் பிள்ளைகள் படம் எதற்கு, நம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்றார் ரகிமா. கணக்குப் பிரிவு கழித்துப் போட்ட பழைய கணினியில் ஜுமாதில் இலவசமாகக் கிடைத்த ஒரு படக்கூட மென்பொருளை ஏற்றி, ஒரே மத்தியானத்தில் இணையத்தில் திறந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மென்பொருளின் கையேட்டில் கடைசியாக ஒரு பக்கம் இருந்தது: ஊருக்குத் திறக்குமுன் செய்ய வேண்டியவை. நாளைக்குச் செய்வோம் என்று நினைத்துத்தான் மூடினார். மறுநாள் கழிப்பறையில் குழாய் வெடித்தது. அதற்கு மறுநாள் வேறு ஏதோ.

கணினி இருந்தது வேஷத்துணி அறையில். முயல் காதுகளும் பனிக்கிழவனின் தாடியும் ஆணிகளில் தொங்க, நடுவில் அது உறுமிக்கொண்டிருந்தது. ஜுமாதில் ஒரு சின்னப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே நுழைந்தார். நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் மென்பொருளோடு வந்ததே இன்னும் இருந்தது; அந்தச் சொல் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி, அச்சாகியிருந்தது. உள்ளே நுழையாதவருக்கும் எல்லாத் தொகுப்பும் தெரிந்தது. பக்கத்தின் இணைய முகவரியில் கடைசித் துண்டை அழித்துப் பார்த்தால் கோப்புறைகளின் பட்டியலே விரிந்தது. ஒவ்வொரு படத்தின் மூலக்கோப்பிலும் அது எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றுலா போன படத்தில் ஆற்றங்கரை. பிறந்தநாள் படத்தில் ஒரு குழந்தையின் வீடு.

வந்துபோனவர்களின் பதிவைத் திறந்தார். அக்டோபர் மூன்றாம் தேதி காலை ஏழு நிமிஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் படங்களையும் ஒரே கணினி முகவரி அள்ளிக்கொண்டு போயிருந்தது. மனுஷனால் அத்தனை வேகம் முடியாது. ஏதோ ஒரு நிரலை ஏவிவிட்டு எவனோ தேநீர் குடிக்கப் போயிருக்கிறான். பதிவை இன்னும் கீழே இறக்கியபோது வேறொன்று கண்ணில் பட்டது. வெளிநாட்டு முகவரி ஒன்று, நாள் தவறாமல், மாலை நாலு பத்துக்கு வருகிறது. பெரிய பிள்ளைகள் தொகுப்பை மட்டும் திறக்கிறது. இருபது நிமிஷம் இருக்கிறது. போகிறது. அள்ளிய முகவரி வேறு, இது வேறு. ஆனாலும், புதுப்படம் வந்திருக்கிறதா என்று திருடன்தான் தினமும் எட்டிப்பார்க்கிறான் என்று ஜுமாதில் முடிவு கட்டினார்.

"இருடா, உன்னை வச்சுக்கறேன்" என்றார், முயல் காதுகளைப் பார்த்து.

அப்புறம் நாலு நாள் வீடு, சாப்பாடு, முழங்கால் எதுவும் நினைவில்லை. முதலில் வெளிக்கம்பியைப் பிடுங்கினார். மென்பொருள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த புதுப்பிப்புகளை எல்லாம் போட்டார். நிர்வாகிக்கு நீளமான கடவுச்சொல் வைத்து, அந்தப் பக்கத்தைக் கட்டடத்துக்குள்ளிருந்து மட்டுமே திறக்கும்படி செய்தார். மூலக்கோப்புகளை இணையம் தொட முடியாத வேறு வட்டுக்கு மாற்றிவிட்டு, வெளியே காட்டுவதற்கு இடக்குறிப்பு நீக்கிய சின்ன நகல்களை மட்டும் வைத்தார். யாரும் தாமாகக் கணக்குத் தொடங்கும் வழியை அடைத்தார். குடும்பத்துக்கு ஒரு கணக்கு, ரகிமா கொடுக்கும் பட்டியல்படி. கடவுச்சொல்லை ஆறு தடவை தப்பாகப் போட்டால் அரைமணி நேரம் கதவு திறக்காது. படம் போகிற வழியில் யாரும் எட்டிப்பார்க்காதபடி இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிப் பொருத்தினார். கம்பியை மறுபடி சொருகிவிட்டு, எதிர்க்கடை வாசலில் பனியில் நின்று, தன் கைப்பேசியில் திருடனைப் போல உள்ளே நுழைய முயன்றார். முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் முடிந்திருக்கிற வேலை. வெள்ளம் போன பிறகு அணை கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. போன படம் போனதுதான்.

பட்டியலில் முதல் கணக்கு ஷாயிர்குலுக்கு. மற்றவர்களுக்கும் கொடுத்து முடித்த அன்று மாலையே பெற்றோரின் கைப்பேசிக் குழுவில் அமளி.

"ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு வைக்க விடமாட்டேங்குது பைகே."

"வேற வைங்க."

"எது வச்சா மறக்காது?"

"உங்களுக்கு எது மறக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என் புள்ளையப் பாக்க எனக்கே பூட்டா?" என்று ஓர் அப்பா குரல் அனுப்பினார். "பூட்டுங்க பைகே, இன்னும் ரெண்டு போடுங்க" என்று ஓர் அம்மா பதிலுக்குக் குரல் அனுப்பினாள். ஒருவர் ஆறு தடவை தப்பாகப் போட்டுவிட்டு, அரைமணி கழித்து மறுபடி ஆறு தடவை போட்டார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜுமாதில் சுவரையே பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தார். மனைவி ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நாலு பத்து ஆசாமி மட்டும் விடவில்லை. கம்பியை மறுபடி சொருகிய அன்றே வந்தான். திறக்கவில்லை. மறுநாள் வந்தான். விருந்தினர் என்று தட்டிப் பார்த்தான். அடுத்த நாள் ஏதேதோ பெயர் போட்டு, ஏதேதோ கடவுச்சொல் போட்டு, ஆறு தடவை தப்பாகிக் கதவு இறுகிக்கொண்டது. அப்புறமும் தட்டினான். கதவு அடைத்த எட்டாம் நாள் ஜுமாதில் அந்த முகவரியையே தடைப்பட்டியலில் போட்டார். இந்த மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

மறுநாள் நாலேகாலுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. ரகிமா வெளியே போயிருந்தார். ஜுமாதில் எடுத்தார்.

"தங்கமீனா?" பெண் குரல். பின்னால் பல தையல் எந்திரங்களின் இரைச்சல். "கேலரி திறக்க மாட்டேங்குது. ரிப்பேரா இருக்கா?"

"ரிப்பேர் இல்ல. கணக்கு வேணும். எந்தக் குழந்தை வீடு?"

அவள் எந்திரங்களுக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"அக்தான்."

"அக்தானோட அத்தைக்குக் குடுத்தாச்சே. நேத்துகூடத் திறந்து பாத்தாங்க."

"நான் அத்தை இல்ல. அம்மா. பெர்மெத்."

ஜுமாதில் சுவரில் நேரத்தைப் பார்த்தார். "உங்க ஊர்ல இப்ப மணி என்ன?"

"ஒன்னேகால். மாஸ்கோ பக்கத்துல இருக்கேன். சாப்பாட்டு நேரம்." பிறகு, "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா" என்றார். நேற்றுத் தடைப்பட்டியலில் போட்டது இவளைத்தானோ என்று தோன்றியது.

"பைகே, ஒன்னு மட்டும் சொல்லுங்க. அவனுக்கு உடம்புக்கு ஒன்னும் இல்லையே? கூட வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி விளம்பரம்னு காட்டினா. பின்னால மீன் இருந்துச்சு. திருடின படம்னு புரிஞ்சுது. கேலரியப் போய்ப் பாத்து மனசத் தேத்திக்கலாம்னு பாத்தா அன்னிக்கே மூடியிருக்கு. ஒன்பது நாள். ஏன் மூடினாங்க, நிஜமாவே ஏதாவது ஆயிடுச்சோன்னு... எஜே, அதான் அவன் அத்தை, போன எடுக்கறதில்ல. எடுத்தா தூங்குறான்பாங்க. பகல் பன்னண்டு மணிக்கும் தூங்குறான். ரெண்டு வருஷமா அந்தக் கேலரிதான். முன்பல்லு விழுந்ததே அங்கதான் பாத்தேன்."

இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அள்ளிக்கொண்டு போனவனே ஒரு பெண்ணை விட்டுப் பேசச் சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் கேட்பவருக்கு எதையும் தருவதில்லை என்று போன வாரம்தான் அவர் தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். முற்றத்தில் பெரிய பிள்ளைகள் வகுப்பு பனியில் புரண்டுகொண்டிருந்தது.

"உங்களுக்கு என்னால போன்ல கணக்குத் தர முடியாது" என்றார். "ஆனா அவன் நல்லா இருக்கான். இப்ப எனக்கு எதிர்லதான் உருண்டுகிட்டு இருக்கான். தொப்பி இல்ல."

"தொப்பியப் போடச் சொல்லுங்க பைகே" என்றாள். அப்புறம் அழுதாள். வேலைக்குக் கூப்பிடும் மணி எந்திரங்களுக்கு மேல் அலறியது. போகணும் என்று வைத்துவிட்டாள்.

ஜுமாதில் முற்றத்துக்கு இறங்கிப் போய்த் தொப்பியைத் தேடி எடுத்து அவன் தலையில் அழுத்தினார். "எதுக்கு?" என்று கேட்டான் பையன்.

"குளிருது."

"எனக்குக் குளிரல."

"எனக்குக் குளிருது. போட்டுக்க."

அன்று மாலையே ரகிமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரகிமா இரும்பு அலமாரியிலிருந்து அக்தானின் கோப்பை எடுத்தார். பையனின் அப்பா, அதாவது ஷாயிர்குலின் தம்பி, மூன்று வருஷத்துக்கு முன் கணவாய்ப் பாதையில் லாரி கவிழ்ந்து இறந்துவிட்டான். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து பெர்மெத்துடையது. பிறப்புச் சான்றிதழ் நகலும் அவள் கொடுத்ததே. படம் எடுத்து வெளியிடச் சம்மதம் என்ற தாளிலும் அவள் கையெழுத்துத்தான். ஷாயிர்குல் பெயரில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. காலையில் கொண்டுவந்து விடுகிறாள், மாலையில் கூட்டிப் போகிறாள், அவ்வளவுதான். யாரும் எதையும் கேட்டதில்லை.

"அப்ப சட்டப்படி கணக்குத் தரவேண்டியது இந்தப் பொண்ணுக்குத்தான் எஜே" என்றார் ஜுமாதில். "இவ சம்மதம் இல்லன்னா அவன் படத்த நாம போடவே முடியாது."

"ஷாயிர்குல் நம்ம ரெண்டு பேரையும் ரொட்டி அடுப்புல வச்சு எடுப்பா."

"நீங்க பேசுங்க."

"நானா? கேலரி உன்னுது. நீ பேசு." கோப்பை மூடிவிட்டு ரகிமா சொன்னார்: "பூட்டு போடச் சொன்னேன். போட்ட. இப்ப சாவி யாருக்குன்னு கேட்டு உயிர வாங்குற."

மறுநாள் வாசலில் ஷாயிர்குலை நிறுத்தினார். வேஷத்துணி அறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். முடித்த பிறகு மெதுவாக, "அப்ப அவன் படத்தையெல்லாம் எடுத்துடுங்க" என்றாள்.

"எடுக்கச் சொல்ல உங்களுக்கு..."

"எனக்கு உரிமை இல்ல. அதானே? சொல்லுங்க. மூணு வருஷமா மூக்கு துடைச்சு விட்டவளுக்கு உரிமை இல்ல. காய்ச்சல்ல தோள்ல போட்டுக்கிட்டு நடந்தவளுக்கு உரிமை இல்ல. அவ ஒருநாள் போன் பண்ணா இவன் ரெண்டு நாள் சாப்பிடறதில்ல பைகே. உங்களுக்குத் தெரியுமா? கதவுகிட்டயே உக்காந்துக்கறான். அதனாலதான் எடுக்கறத விட்டேன். எனக்குன்னு பெத்தது ஒன்னும் இல்ல. இவனையும் கூட்டிட்டுப் போயிட்டா?"

நின்றுகொண்டே இருந்ததில் ஜுமாதிலுக்கு முழங்கால் வலித்தது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். வருகைப் பதிவை யாருக்கும் காட்டக்கூடாது என்பதும் அவர் எழுதி ஒட்டிய விதிகளில் ஒன்று. அதைத் திறந்து, அந்த ஒரு முகவரியை மட்டும் பிரித்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இது என்ன?"

"அவங்க வந்து பாத்த நாள். இது தேதி, இது நேரம்."

ஷாயிர்குல் விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போனாள். விரலில் இருந்த மாவு கண்ணாடியில் ஒட்டியது. பக்கம் முடிந்தது, அடுத்த பக்கம் வந்தது. வசந்தம், கோடை, மறுபடி பனிக்காலம்.

"இது புதுவருஷத்தன்னிக்கு. பள்ளிக்கூடமே இல்லையே."

"படம் போடாத நாள்லயும் வந்திருக்காங்க. பழசப் பாத்துட்டுப் போயிருக்காங்க."

வெளியே யாரோ ஒரு குழந்தை கத்தியது, ஆசிரியை அதட்டினாள், அடங்கியது. ஷாயிர்குல் ஆணியில் தொங்கிய ஒரு முயல் காதை இழுத்துச் சரிசெய்தாள்.

"அம்மாவுக்கு வேலை ஜாஸ்தின்னுதான் அவன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். "அவ மறந்துட்டான்னு ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா நான் அப்படித்தான் நினைச்சேன்."

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவருகே திரும்பி, "குடுங்க, அந்தக் கணக்க. நான் குடுக்கச் சொன்னேன்னு அவகிட்ட சொல்ல வேண்டாம்" என்றாள்.

கடவுச்சீட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பெர்மெத் வீடியோவில் வந்தாள். ரகிமாவுக்குச் சேர்க்கை நாளன்று பார்த்த முகம் நினைவிருந்தது. "மெலிஞ்சுட்டியேடி பொண்ணே, அங்க சோறு போடறாங்களா இல்லையா?" என்று கேட்டதோடு அடையாளச் சோதனை முடிந்தது. ஜுமாதில் கணக்கைத் திறந்து கொடுத்தார். தடைப்பட்டியலிலிருந்து முகவரியை நீக்கினார். உங்கள் வருகைப் பதிவை ஷாயிர்குலிடம் காட்டிவிட்டேன், கேட்காமல் காட்டியது தப்பு என்றும் சொன்னார். "காட்டினா என்ன பைகே, நானா சொன்னா நம்பியிருக்க மாட்டாங்க" என்றாள் பெர்மெத்.

விளம்பரத்தைப் பற்றி, அது வந்திருந்த தளத்துக்கு ஜுமாதில் மூன்று தடவை எழுதினார். காவல் நிலையத்தில் ஒரு மனு. பதினெட்டு நாள் கழித்து விளம்பரத்தை எடுத்தார்கள். ஜனவரியில் வேறொரு தளத்தில் அதே மொட்டைத்தலை, வேறு பெயர், இந்தத் தடவை சிறுநீரகம். மறுபடி எழுதினார். ஷாயிர்குலின் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில், "தாத்தா, பையன் நல்லா இருக்கான், ஆடு வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

பனி உருகத் தொடங்கிய சமயம் ஷாயிர்குல் ஒருநாள் வந்து கைப்பேசியை நீட்டினாள். வீட்டு முற்றத்தில் அக்தான் ஒரு செம்மறிக்குட்டியைக் கட்டிப்பிடித்திருந்தான்.

"இதக் கேலரில போடணும்."

"அது பள்ளிக்கூடத்துப் படத்துக்கு மட்டும்தான். பெத்தவங்க படம் ஏத்த வழி கிடையாது. நான்தான் அடைச்சேன்."

"எனக்கு மட்டும் திறந்து விடுங்க."

"உங்களுக்குத் திறந்தா நாளைக்கு நூத்துப் பத்துப் பேருக்குத் திறக்கணும். என்ன கருமத்தப் போடுவாங்கன்னு எவன் உக்காந்து பாக்கறது?" அலுப்பில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அவன் அம்மாவுக்கு நீங்களே நேரா அனுப்புங்களேன். நம்பர் இருக்குல்ல?"

ஷாயிர்குல் உதட்டைச் சுழித்தாள். "இவருகிட்ட போய்க் கேட்டேன் பாரு" என்று அவர் காதில் விழும்படியே முனகிக்கொண்டு போனாள்.

ஜூலையில் பெர்மெத் பத்து நாள் விடுப்பில் வந்தாள் என்று கேள்விப்பட்டார். ஒருநாள் பள்ளிக்கும் வந்து புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். குரலை வைத்து அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். பையன் முதலில் அத்தையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தான், பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அதிகம் பார்த்துக்கொள்ளவில்லை. பையனின் சட்டைக் காலரை மட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சரிசெய்தார்கள். பையனைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்ற பேச்சு முடிந்ததா இல்லையா என்று ஜுமாதில் கேட்கவில்லை. பத்தாம் நாள் அவள் தனியாகத்தான் விமானம் ஏறினாள்.

ஆகஸ்ட் முடிந்தால் பெரிய பிள்ளைகள் முதல் வகுப்புக்குப் போய்விடுவார்கள். பள்ளியை விட்டுப் போகும் குடும்பங்களின் கணக்குகளை அந்த மாதக் கடைசியில் நீக்கிவிட வேண்டும், அவர்களின் படத்தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று எழுதி வைத்தவரும் அவர்தான். முப்பத்தோராம் தேதி மத்தியானம் பட்டியலோடு உட்கார்ந்தார். இருபத்தாறு பெயர். இருபத்தைந்தை நீக்கிய பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அப்புறம் மாஸ்கோவுக்குத் தொலைபேசி செய்தார்.

"நாளையிலிருந்து திறக்காது பெர்மெத். பையன் இங்க இல்லையே. திடீர்னு மூடினா நீங்க வேற ஏதாவது நினைச்சுப் பயந்துடக் கூடாதுன்னுதான்."

எந்திரச் சத்தத்துக்கு நடுவில் அவள் யாருக்கோ ஏதோ பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சரி பைகே. மூடிடுங்க."

"உங்களுக்கு வேணும்னா எல்லாப் படத்தையும் ஒரு டிஸ்க்ல போட்டு..."

"ஷாயிர்குல் எஜே பள்ளிக்கூடம் முடிஞ்ச அன்னிக்கே உங்ககிட்ட கேட்டு வாங்கி வச்சுட்டாங்களாம். இப்ப அவங்களே அனுப்பறாங்க. சில நாள் அனுப்பறாங்க, சில நாள் மறந்துடறாங்க. நேத்து ஸ்கூல் பையோட ஒன்னு வந்துச்சு. பை அவன விடப் பெருசா இருக்கு."

"அப்படியா" என்றார் ஜுமாதில்.

"நீங்க முழங்காலுக்கு ஏதாவது தேய்க்கறீங்களா? நொண்டுறீங்கன்னு எஜே சொன்னாங்க."

"தேய்க்கறேன், தேய்க்கறேன்."

வைத்துவிட்டுக் கடைசிப் பெயரைத் தேர்ந்து நீக்கினார். உறுதியா என்று மென்பொருள் கேட்டது. உறுதி என்று அழுத்தினார். செப்டம்பரில் சேரப்போகும் சின்னப் பிள்ளைகளின் பட்டியலை ரகிமா மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். முப்பத்திரண்டு பேர். அதில் பதினோரு பேருக்கு இன்னும் சம்மதத் தாள் வரவில்லை. கீழே கொதிகலனுக்கு நிலக்கரி லாரி வந்து ஒலி எழுப்பியது. ஜுமாதில் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.